தூக்கி வைத்திருக்கும் கை

(முல்லைத்தீவில் படப்பிடிப்புப் பழகும் இளையோர் முன் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பிறந்த பிள்ளையையும் அந்தப் பிள்ளையின் வீட்டாரையும் படமெடுக்கப் பழகுவது எப்படி என்பதே இன்றைய பேச்சு. கலியாண வீடு, சாமத்திய வீடு, கோயில் திருவிழா என்று படமெடுப்பதைத் தொழிலாகச் செய்கிறவர்கள் இங்கே இருக்கிறீர்கள். பச்சைப் பிள்ளையைப் படமெடுக்க ஒரு படிப்பு வேண்டுமா, போனை நீட்டினால் படம் விழாதா என்று சிலருக்குத் தோன்றும். படம் விழும். ஆனால் அந்தப் படத்தில் யார் இருப்பார்? பிள்ளையைத் தூக்கி வைத்திருப்பது யார் என்று அந்தப் படம் சொல்லுமா? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு நான் திரும்பத் திரும்பக் கேட்கப்போவது இதைத்தான்.

முதலில் உங்களிடமே ஒன்று கேட்கிறேன். நீங்கள் கைக்குழந்தையாக இருந்த படம் யாரிடம் இருக்கிறது? இருக்கிறவர்கள் கையை உயர்த்துங்கள். பார்த்தீர்களா, இவ்வளவு பெரிய மண்டபத்தில் இவ்வளவு கொஞ்சக் கைகள்! ஏன்? உங்கள் தாய் தகப்பனுக்குப் பிள்ளையில் ஆசை இல்லையா? ஆசையும் இருந்தது, ஸ்டூடியோக்களும் இருந்தன, அல்பங்களும் இருந்தன. 2004 டிசம்பர் 26 காலையில் கரையோர வீடுகளின் அலுமாரிகளைக் கடல் அள்ளிக்கொண்டு போனது. மிச்சத்தை 2009இன் போர் கொண்டு போனது.

அந்த வருடம் ஜனவரி 2இல் கிளிநொச்சி விழுந்தது. 25இல் முல்லைத்தீவு நகரம். சனம் விசுவமடு, சுதந்திரபுரம், தேவிபுரம், இரணைப்பாலை, மாத்தளன், பொக்கணை, வலைஞர்மடம், முள்ளிவாய்க்கால் என்று ஒதுங்கிக்கொண்டே போனது. ஒவ்வொரு இடத்திலும் ஒரு பை குறைந்தது. எதைக் கொண்டு போவது, எதை விட்டுப் போவது? பிள்ளைதான் முதல். பிறகு அரிசி, தறப்பாள், காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், நகை. அல்பம் பாரமான சாமான். திரும்பி வந்து எடுக்கலாம் என்று அதை வீட்டிலேயே வைத்துப் பூட்டிவிட்டுப் போனவர்கள் எத்தனை பேர்! வந்து பார்த்தபோது வீடே இல்லை.

புதுமாத்தளனில் பள்ளிக்கூடக் கட்டடத்தில் இயங்கிய ஆஸ்பத்திரியிலே அந்த மாதங்களில் பிள்ளைகள் பிறந்தன. செஞ்சிலுவைச் சங்கத்தின் கப்பலில் திருகோணமலைக்கு ஏற்றப்பட்ட நோயாளரோடு கர்ப்பிணித் தாய்மாரும் போனார்கள். பிறகு, 2012 செப்டெம்பரில் மூடப்படும் வரைக்கும், மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமிலே பிள்ளைகள் தவழ்ந்தன, நடை பழகின. அவர்கள் இன்றைக்குப் பெரிய வகுப்புப் பிள்ளைகள். பிறந்தபோது எப்படி இருந்தாய் என்று அவர்களைக் கேட்டால், அம்மா வாயால் சொன்னது மட்டுமே பலரிடம் இருக்கிறது.

இதே மண்ணில் படத்தைக் கையில் ஏந்தி நிற்கும் தாய்மாரை நீங்கள் தினமும் கண்டிருக்கிறீர்கள். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்னாலே காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் போராட்டத்தில் இருக்கத் தொடங்கினார்கள். அடுத்த மாதம் முல்லைத்தீவிலும் இருந்தார்கள். அவர்கள் கையிலே இருக்கும் படங்களைப் படம் பழகுகிறவர்களின் கண்ணோடு ஒருமுறை பாருங்கள். பாஸ்போட் அளவுப் படத்தைப் பெருப்பித்தது ஒன்று. கலியாணப் படத்திலிருந்து வெட்டி எடுத்தது ஒன்று. பள்ளிக்கூடக் குழுப்படத்திலிருந்து பிரித்தெடுத்த ஒரு முகம், மங்கிப்போய். கிடைத்த படத்தை வைத்துக்கொண்டு ஒரு தாய் உலகத்தோடு வழக்காடுகிறாள். "இவன் என்ர பிள்ளை" என்று சொல்ல அவளுக்கு ஒரு படம் வேண்டியிருக்கிறது. அந்தப் படத்திலே அவளுடைய கையும் இருந்திருந்தால்?

இது எங்களுக்கு மட்டும் வந்த துயரம் என்று நினைக்கவேண்டாம். ஆர்ஜென்டினாவில் 1976இல் இராணுவ ஆட்சி வந்தது. காணாமல் போனவர்களின் தாய்மார் 1977 ஏப்ரல் 30இல் தலைநகரின் மே சதுக்கத்தில் கூடினார்கள். அவர்களுக்குள்ளே சிலர் பேரப்பிள்ளைகளையும் தேடினார்கள். சிறைக்குள் பிறந்த பிள்ளைகளையும் தாயோடு பிடிபட்ட பிள்ளைகளையும் இராணுவ ஆட்சியினர் வேறு வீடுகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஏறக்குறைய 500 பிள்ளைகள் இப்படிப் போனதாக அந்தப் பாட்டிமார் கணக்கிட்டார்கள். 130க்கு மேற்பட்டவர்களைக் கண்டுபிடித்தும் விட்டார்கள். இரத்தப் பரிசோதனை இன்னாருடைய பிள்ளை என்று சொல்லிவிடும். ஆனால் அம்மா எப்படிச் சிரித்தாள், அப்பா எந்தப் பாட்டு விரும்பினார் என்று சொல்லுமா? அதற்காகவே 1998இல் ஒரு குடும்பக் காப்பகத்தைத் தொடங்கினார்கள். உறவினரின் பேச்சைப் பதிந்தார்கள், படங்களைச் சேர்த்தார்கள், ஒவ்வொரு பேரப்பிள்ளைக்கும் ஒரு பெட்டியாகக் கட்டி வைத்தார்கள். அந்தப் பிள்ளை என்றைக்கு வந்தாலும் கொடுக்க. ஒரு பிள்ளைக்குத் தன்னைத் தூக்கியவர் யார் என்று தெரியவேண்டும். அதற்குத்தான் நாங்கள் படமெடுக்கிறோம்.

இனி உங்களுக்கு ஒரு விநோதமான கதை சொல்லப்போகிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே ஒரு படம் விழப் பல விநாடி பிடிக்கும். அத்தனை விநாடியும் அசையாமல் இருக்கவேண்டும். பிள்ளை இருக்குமா? ஆகவே ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் படப்பிடிப்பாளர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். தாயைக் கதிரையில் இருத்தி, தலையிலிருந்து கால்வரை துணியால் மூடி, மூடிய மடியிலே பிள்ளையை வைத்துப் படமெடுத்தார்கள். பிள்ளை ஏதோ சாய்மனைக் கதிரையில் தனியே இருப்பதுபோல் தோன்றவேண்டுமாம். அந்தப் படங்களை இன்றைக்குப் பார்த்தால் நெஞ்சு திடுக்கிடும். நடுவிலே அழகான பிள்ளை. பின்னாலே ஒரு துணிமூட்டை. அந்த மூட்டைக்கு இரண்டு தோள் இருக்கும். சிலவற்றிலே துணிக்கு வெளியே ஒரு கை தெரியும். 'மறைந்த தாய்' படங்கள் என்று இன்று அவற்றைச் சேகரிக்கிறார்கள். இத்தாலியக் கலைஞர் லிண்டா பிரெக்னி நாக்லர் ஏறக்குறைய ஆயிரம் படங்களைச் சேர்த்து 2013இல் நூலாகவே வெளியிட்டார்.

நூறு வருடத்துக்கு மேலாகிவிட்டது. கமரா இன்று ஒரு விநாடியின் இருநூறில் ஒரு பங்கிலே படம் பிடிக்கிறது. இப்போதும் தாயை மறைக்கிறோமே, ஏன்? பிள்ளையைக் கூடைக்குள் வைக்கிறோம், பூவுக்குள் வைக்கிறோம், வாளிக்குள் வைக்கிறோம். பிடித்திருந்த கையை எடிட்டிங்கில் அழித்துவிடுகிறோம். அவுஸ்திரேலியாவில் பிறந்து நியூசிலாந்தில் தொழில் செய்த ஆன் கெடஸ் என்ற பெண்மணி 1996இல் வெளியிட்ட படநூல் உலகமெங்கும் விற்றது. கோவா இலைக்குள்ளும் பூவிதழுக்குள்ளும் குழந்தைகள். அவர் மிகத் தேர்ந்த கலைஞர். அவருடைய கவனமும் பொறுமையும் எங்களுக்கு வேண்டும். ஆனால் அவரைப் பார்த்துப் பழகிய உலகம் பூவையும் கூடையையும் மட்டும் எடுத்துக்கொண்டது. அந்தப் படம் ஒரு வாழ்த்து அட்டைக்கு அழகு. முப்பது வருடம் கழித்து அந்தப் பிள்ளை அதைப் பார்த்து என்ன கேட்கும்? நான் ஏன் வாளிக்குள் இருக்கிறேன், அம்மா எங்கே என்றுதானே கேட்கும்?

வேறு வழி காட்டிய ஒருவர் எங்கள் தீவிலேயே கண்மூடினார். ஜூலியா மார்கரெட் கமரன். 1863இல், 48 வயதிலே, மகளும் மருமகனும் பரிசாகக் கொடுத்த கமராவோடு தொடங்கியவர். பழக வயதாகிவிட்டது என்று சொல்கிறவர்கள் இங்கே இருந்தால் அந்த வயதைக் குறித்துக்கொள்ளுங்கள்! 1865இல் அவர் எடுத்த ஒரு படத்திலே சின்னப் பேரன் நித்திரையாகக் கிடக்கிறான். அந்த வீட்டில் வேலை செய்த மேரி ஹில்லியர் என்ற பெண் தாயாகக் குனிந்து பார்க்கிறாள். பூவும் இல்லை, கூடையும் இல்லை. ஒரு நித்திரை, அதற்குக் காவல் ஒரு முகம். 1875இல் இலங்கைக்கு வந்தார், 1879இல் இறந்தார், பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டார்.

சரி, எப்படிப் பழகுவது? கமராவைப் பையிலேயே வையுங்கள். முதலில் பிள்ளையைத் தூக்கப் பழகுங்கள். பிறந்த பிள்ளைக்குக் கழுத்து நிற்காது. உச்சிக்குழி மெத்தென்றிருக்கும். சத்தம் கேட்டால், கையை விட்டால், இரண்டு கையையும் விரித்துத் திடுக்கிடும். நாலு ஐந்து மாதம் வரைக்கும் அந்தத் திடுக்கம் இருக்கும். இதையெல்லாம் யாரிடம் பழகலாம்? உங்கள் ஊர்க் குடும்பநல உத்தியோகத்தரிடம் பழகுங்கள். பிள்ளை பிறந்து பத்து நாளுக்குள்ளேயே வீடு தேடி வந்து தொப்புளைப் பார்ப்பவர், நிறையைப் பார்ப்பவர், தாய்க்கு நோவு இருக்கிறதா என்று விசாரிப்பவர் அவர். பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டுக் கொப்பியை வாசிக்கச் சொல்லித் தருவார். உங்கள் வீட்டு அம்மம்மாவிடம் பழகுங்கள். வளவுக்குள்ளே பத்துப் பிள்ளை வளர்த்த கைகள் அவை. அந்தக் கை பிள்ளையின் தலைக்குக் கீழே எப்படிப் போகிறது என்று பாருங்கள். போட்டோ பழகுகிறவனுக்கு அதைவிட நல்ல பாடம் இல்லை.

அடுத்தது காலம். மேல்நாட்டு நூல்கள் ஐந்தாம் நாளுக்கும் பதினாலாம் நாளுக்கும் இடையில் எடுக்கச் சொல்லும். பிள்ளை அப்போது நாளிலே பதினாறு மணித்தியாலம்போல் நித்திரை கொள்ளும், வயிற்றுக்குள் இருந்த மாதிரியே சுருண்டு படுக்கும். எங்கள் வீடுகளில் அது நடக்குமா? சைவ வீடுகளில் முப்பத்தொரு நாளும் துடக்கு. வெளியாள் உள்ளே போவதில்லை. கண்ணூறு, நாவூறு என்ற பயமும் இருக்கிறது. இதைப் பழம் பஞ்சாங்கம் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. நான் ஒதுக்கமாட்டேன். ஆஸ்பத்திரியை விட்டு வரும்போது பிள்ளைக்குக் காசநோய்த் தடுப்பூசி ஒன்றுதான் போட்டிருக்கும். குக்கலுக்கு உரிய ஊசி இரண்டாம் மாதத்தில்தான். இருமலோடு திரியும் ஒரு படப்பிடிப்பாளரை அந்த முப்பத்தொரு நாள் வாசலிலேயே மறித்து வைக்கிறது. வைக்கட்டும்.

அப்படியானால் முதல் மாதத்துப் படத்தை இழப்பதா? தேவையில்லை. பிள்ளை பிறக்க முதலே, ஏழாம் எட்டாம் மாதத்திலே, அந்த வீட்டுக்குப் போங்கள். வீட்டுக்குள்ளேயே இருக்கப்போகிற ஒருவருக்கு, தகப்பனுக்கோ சித்திக்கோ அம்மம்மாவுக்கோ, போனிலே நாலு விஷயம் பழக்கிவிடுங்கள். கமராக் கண்ணாடியைத் துடை. மின்வெட்டொளியை (பிளாஷை) நிறுத்து. கிட்டப்போய் எடுத்தால் மூக்கும் தலையும் பெருத்துத் தெரியும், அதனால் பின்னுக்கு நின்று இரண்டு மடங்கு பெருப்பித்து எடு. தூக்குகிறவரின் முகத்தையும் சேர்த்து எடு. இவ்வளவும் போதும். முதல் மாதத்தை அவர்கள் எடுப்பார்கள். முப்பத்தொன்றுக்கு நீங்கள் போங்கள். அன்றைக்கு வீடு கழுவி, பிள்ளைக்கு முடி வழித்து, பஞ்சாயுதம் கட்டி, உறவெல்லாம் கூடியிருக்கும். முஸ்லிம் வீடுகளில் ஏழாம் நாளிலேயே முடி இறக்கிப் பெயர் வைப்பார்கள். கத்தோலிக்க வீடுகளில் ஞானஸ்நானம். ஒவ்வொரு வீட்டின் கணக்கும் வேறு. அந்தக் கணக்குக்குத்தான் உங்கள் கமரா காத்திருக்கவேண்டும்.

வெளிச்சத்தைப் பற்றிச் சொல்கிறேன். விலை கூடிய விளக்கு ஒன்றும் வேண்டாம். எங்கள் ஊரில் இந்திய வீட்டுத்திட்டத்து வீடு 550 சதுர அடி. அதற்குள் ஒரு யன்னல் இருக்கிறது, ஒரு விறாந்தை இருக்கிறது. காலை எட்டு மணிக்கும் பத்துக்கும் இடையில் நேர்வெயில் விழாத யன்னலைப் பிடியுங்கள். யன்னலுக்கு முன்னாலே பாயைப் போட்டுத் தாயை இருத்துங்கள். பிள்ளையின் உச்சிப்பக்கம் யன்னலுக்குக் கிட்டவும், கால்பக்கம் தள்ளியும் இருக்கவேண்டும். வெளிச்சம் நெற்றியிலிருந்து நாடிக்கு இறங்கவேண்டும். காலிலிருந்து ஏறினால் மூக்குத்துளை வெளிச்சமாகி, கண்குழி இருண்டு, சின்ன முகம் பயங்கரமாகிவிடும். தகரக் கூரைக் கொட்டிலா? வாசல்கதவைத் திறந்துவிட்டு உள்ளே மூன்றடி தள்ளி இருத்துங்கள். மாரியில் கார்மேகம் மூடிய நாளா? அது இன்னும் நல்ல வெளிச்சம், நிழலே விழாது. மின்வெட்டொளி பிள்ளையின் கண்ணைப் பழுதாக்கும் என்பதற்கு மருத்துவத்தில் ஆதாரம் இல்லை. ஆனால் திடுக்கிட வைக்கும். அந்த ஒரு காரணமே அதை விடப் போதும்.

வெக்கையைப் பற்றி மேல்நாட்டு நூலை நம்பாதீர்கள். அறையைச் சூடாக்கு, 26 பாகை, 28 பாகைக்குக் கொண்டு வா என்று அது சொல்லும். வைகாசியிலே, வற்றாப்பளைப் பொங்கல் நேரத்திலே, முல்லைத்தீவில் அறையைச் சூடாக்குவதா! எங்கள் பிள்ளைக்கு இடைஞ்சல் வேர்வை. கம்பளியால் சுற்றிக் கட்டாதீர்கள். பழைய பருத்திச் சீலைத் துண்டு போதும், அதுவும் அம்மாவின் சீலையாக இருந்தால் நல்லது. கழுத்துப் பிடரியைத் தொட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் அவிழ்த்துவிடுங்கள், பால் கொடுக்கச் சொல்லுங்கள், காத்திருங்கள். இந்தத் தொழிலில் பாதி நேரம் காத்திருப்புத்தான்.

இப்போது நான் சொல்லப்போவதைத் தயவுசெய்து கவனமாகக் கேளுங்கள். கைமேல் நாடியைத் தாங்கிக்கொண்டு பிள்ளை தவளைபோல் குந்தியிருக்கும் படத்தை நீங்கள் போனிலே கண்டிருப்பீர்கள். அது ஒரு படம் கிடையாது, இரண்டு படம். ஒன்றிலே ஒருவர் தலையைப் பிடித்திருப்பார், மற்றதிலே மணிக்கட்டைப் பிடித்திருப்பார். பிறகு கணினியிலே இரண்டையும் சேர்த்துக் கைகளை அழித்துவிடுவார்கள். அது தெரியாமல் ஒரு தம்பி தனியே பிள்ளையைக் குந்த வைத்தால் என்ன ஆகும்? கண்ணாடிச் சாடிக்குள் வைக்காதீர்கள். மரக்கொப்பில் தொங்கவிடாதீர்கள். ஏணையில் எடுப்பதாக இருந்தால், கயிற்றைச் சோதித்து, ஏணை நிலத்துக்குக் கிட்ட இருக்க, தாயின் கை ஏணையில் இருக்க எடுங்கள். நாடி நெஞ்சிலே முட்டினால் மூச்சு தடைப்படும். கால் விரல் நீலம் பாய்ந்தால் இரத்தம் ஓடவில்லை, உடனே நிமிர்த்துங்கள். மேலே நின்று எடுக்கும்போது கமரா வார் கழுத்தில் இருக்கட்டும். மோதிரத்தைக் கழற்றுங்கள், சவர்க்காரம் போட்டு முழங்கை வரை கழுவுங்கள், வாசனைத் தைலம் பூசாமல் வாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலே, பிள்ளையில் ஒரு கை எப்போதும் இருக்கவேண்டும். அந்தக் கையை அழிக்காதீர்கள். அதுதான் படம்!

பிறந்த பிள்ளைக்குத் தெளிவாகத் தெரியும் தூரம் எவ்வளவு தெரியுமா? 20இலிருந்து 30 சென்ரிமீற்றர். மடியில் பால் குடிக்கும் பிள்ளைக்கும் தாயின் முகத்துக்கும் இடையிலுள்ள தூரம் அவ்வளவுதான். அதற்கு அப்பால் உலகம் அதற்கு மங்கல். ஆகவே பிள்ளை உங்கள் கமராவைப் பார்க்கவில்லையே என்று கிலுக்கைக் குலுக்காதீர்கள். அது பார்க்கவேண்டியதைத்தான் பார்க்கிறது. தாயின் முகத்தை அந்தத் தூரத்துக்குக் கொண்டுவாருங்கள், நீங்கள் பக்கவாட்டுக்குப் போங்கள். இரண்டு பார்வைக்கும் நடுவே உங்கள் படம் இருக்கிறது.

நிறத்தைப் பற்றியும் பேசவேண்டும். கொடாக் கொம்பனி 1950களிலிருந்து நிறத்தைச் சரிபார்க்க ஆய்வுகூடங்களுக்கு அனுப்பிய மாதிரிப் படத்தில் இருந்தவள் வெள்ளைக்காரி. அவளுடைய தோலுக்குப் பொருந்தினால் எல்லாம் சரி என்று பல ஆண்டுகள் உலகம் படம் கழுவியது. இன்று அந்த வேலையைப் போனுக்குள் இருக்கும் அழகூட்டி செய்கிறது, கேளாமலே வெளுக்கிறது. எங்கள் பிள்ளை மாநிறம், கறுப்பு, பிறந்த அன்றைக்குச் சிவப்பு. இடுப்புக்குக் கீழே நீலத் திட்டு இருக்கும். ஆசியப் பிள்ளைகளுக்கு அது சாதாரணம், வளர மறையும். அதை அழிக்காதீர்கள். கன்னத்துக் கறுத்தப் பொட்டை அழிக்காதீர்கள், அது அம்மம்மாவின் விரல் வைத்தது. இன்னொன்று. முதல் வாரங்களில் எடுத்த படத்தில் பிள்ளையின் தோலும் கண்வெள்ளையும் மஞ்சளாகத் தெரிந்தால், நிறத்தைத் திருத்திவிட்டுப் பேசாமல் இருக்காதீர்கள். மஞ்சள் துணியின் சாயலா என்று பாருங்கள். இல்லையென்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரியில் காட்டச் சொல்லுங்கள். மஞ்சள் கூடினால் பிள்ளைக்கு ஆபத்து. படம் பிறகு எடுக்கலாம்.

இனி, எங்கள் மாவட்டத்துக்கே உரிய பாரமான இடத்துக்கு வருகிறேன். பிள்ளையைத் தூக்கவேண்டிய கைகளிலே ஒன்று பல வீடுகளில் இல்லை. அம்மப்பா இல்லை, மாமன் இல்லை. சில வீட்டில் தகப்பன் கட்டாரிலோ குவைத்திலோ நிற்கிறார். வெளிநாட்டில் இருப்பவரைக் காணொளி அழைப்பில் எடுத்து, போனைத் தாயின் கையில் கொடுத்து, அந்தத் திரையோடு சேர்த்தே படமெடுங்கள். இல்லாமல் போனவர்களுக்கு என்ன செய்வது? சுவரில் மாலை போட்ட படம் இருக்கும். அல்லது மாலை போட மனம் வராமல் அலுமாரிக்குள் வைத்த படம் இருக்கும். அதை நீங்களாகக் கேட்டு எடுப்பிக்காதீர்கள். அம்மம்மா தானாக எழும்பிப் போய் எடுத்துவந்து பிள்ளைக்குப் பக்கத்தில் பிடித்தால், ஒன்றும் பேசாமல் எடுங்கள். "இவரையும் பக்கத்தில் நிற்கிற மாதிரிச் சேர்த்துவிடுங்கோ தம்பி" என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். கேட்டால் நான் செய்து கொடுப்பேன். ஆனால் பின்பக்கத்தில், இது சேர்த்து ஆக்கிய படம் என்று எழுதிவிடுவேன். சேர்க்காத படத்தையும் கூடவே கொடுப்பேன். பேரப்பிள்ளைக்கு ஆறுதலும் வேண்டும், உண்மையும் வேண்டும்.

பிறந்தும் தங்காத பிள்ளைகளைப் பற்றிப் பேச இந்தச் சபையில் தயக்கம்தான், ஆனாலும் சொல்கிறேன். அமெரிக்காவின் கொலராடோவில் 2005இல் செரில் ஹாகார்ட் என்ற தாய், ஆறு நாளே இருந்த தன் மகனைப் படமெடுத்துத் தந்த படப்பிடிப்பாளரோடு சேர்ந்து ஒரு தொண்டு அமைப்பைத் தொடங்கினார். இறந்து பிறந்த பிள்ளைகளையும் பிறந்து இறக்கும் பிள்ளைகளையும் பெற்றோரின் கையில் வைத்துப் படமெடுத்து, காசு வாங்காமல் கொடுப்பதே அதன் வேலை. எங்கள் வழக்கத்தில் அப்படி இல்லை, அவசரமாக எடுத்துப்போய்ப் புதைத்துவிடுகிறோம். யாரையும் வற்புறுத்தவேண்டாம். ஆனால் ஒரு தாய் தன் வாயால் கேட்டால், மறுக்காமல் போங்கள். பிஞ்சு விரலைத் தாயின் விரல் பிடித்திருக்கும் ஒரு படம் போதும்.

அடுத்தது, படம் யாருக்குச் சொந்தம்? 1936இல் கலிபோர்னியாவில் டொரொதியா லாங் எடுத்த ஒரு படத்தை உலகம் அறியும். மடியில் கைக்குழந்தை, தோளில் இரண்டு பிள்ளைகள், வெறித்த முகத்தோடு ஒரு தாய். லாங் அவளுடைய பெயரைக்கூடக் கேட்கவில்லை. அவள் புளோரன்ஸ் ஓவன்ஸ் தொம்சன் என்று உலகுக்குத் தெரிய வந்தது 1978இல், 42 வருடம் கழித்து. அந்தப் படத்தால் தனக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை என்று அவள் வருந்தினாள். எங்கள் வன்னி மண்ணுக்கும் கமராக்கள் எத்தனையோ வந்தன. எங்கள் பிள்ளைகளின் படம் எத்தனை அறிக்கைகளின் அட்டையிலே அச்சானது! அவற்றில் ஒரு பிரதி அந்தத் தாயின் கைக்கு வந்ததா? உங்களை நான் கேட்பது இதுதான். பெயரைக் கேளுங்கள். முதல் பிரதி தாய்க்கு. பேஸ்புக்கில் போடுவதானால் தாயிடமும் தகப்பனிடமும் கேட்டு, அவர்கள் ஓம் என்றால் மட்டும். குளிப்பாட்டும் படத்தை, உடுப்பில்லாத படத்தை, அவர்கள் ஓம் என்றாலும் போடாதீர்கள். அந்தப் பிள்ளை இன்னும் ஓம் சொல்லவில்லை.

கடைசியாகப் படத்தைக் காப்பது. 2011 மார்ச்சில் ஜப்பானை ஆழிப்பேரலை அடித்தது. மியாகி மாகாணத்தின் யமமோட்டோ என்ற ஊரில் சேற்றுக்குள்ளிருந்து ஏழு இலட்சத்துக்கு மேற்பட்ட படங்களை மீட்புப் பணியாளர்கள் பொறுக்கிச் சேர்த்தார்கள். தொண்டர்கள் ஒவ்வொன்றாய்த் தண்ணீரில் கழுவி, கயிற்றில் காயவிட்டு, படமாகப் பிரதி எடுத்து, உரியவர் தேடி வந்து எடுக்கும்படி அடுக்கி வைத்தார்கள். கழுவ முடிந்தது எதை? ஸ்டூடியோவில் கழுவி அச்சிட்ட காகிதப் படத்தை. வீடு மூழ்கியபோது கணினிக்குள் மட்டும் இருந்த படங்களுக்கு அப்படி ஒரு கயிறு இல்லை. எங்களுக்கு 2004இல் இப்படிப் படங்களைப் பொறுக்கிக் கழுவித் தரும் வசதி இருக்கவில்லை. 2009இல் கேட்கவே வேண்டாம்.

ஆகவே மெமரி காட்டைக் கொடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று எழும்பாதீர்கள். நல்ல காகிதத்தில் மூன்று பிரதி அடியுங்கள். ஒன்று வீட்டுச் சுவருக்கு. ஒன்று பிறப்புச் சான்றிதழும் காணி உறுதியும் வைக்கும் அதே பொலித்தீன் உறைக்குள்ளே. ஓடவேண்டி வந்தால் கையில் அகப்படுவது அந்த உறைதான். மூன்றாவது வேறு ஊரில் இருக்கும் உறவு வீட்டுக்கு, வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ கனடாவுக்கோ. பின்பக்கத்திலே மென்மையாகப் பென்சிலால் எழுதுங்கள்: பிள்ளையின் பெயர், திகதி, ஊர், தூக்கி வைத்திருப்பவர் பெயர், என்ன முறை. 'அம்மம்மா' என்று மட்டும் எழுதாமல் அம்மம்மாவின் பெயரையும் எழுதுங்கள். மாரிக்கு ஈரம் ஏறும், கோடைக்குக் கறையான் வரும். படத்தைச் சுவரில் ஒட்டி வைக்காமல், காற்றுப் போக இடைவெளி விட்டு மாட்டுங்கள்.

கூலியைப் பற்றி ஒரு வார்த்தை. இது தொழில், கூலி வாங்குங்கள். கொடுக்க இயலாத வீட்டில் அல்பத்தின் விலையைக் குறைக்கலாம். அந்த மூன்று பிரதியை மட்டும் குறைக்கவேண்டாம்.

நாளைக்குக் காலை எட்டு மணிக்கு இதே மண்டபத்தில் நேர்வெயில் விழாத யன்னலடியில் பழகத் தொடங்குகிறோம். கமரா இல்லாதவர்கள் போனோடு வாருங்கள். முதல் நாளுக்குப் பிள்ளை வேண்டாம், பொம்மையை வைத்து வெளிச்சம் பார்ப்போம். உங்கள் அம்மம்மாமாரையும் அப்பம்மாமாரையும் தவறாமல் கூட்டி வாருங்கள். முதல் ஒரு மணித்தியாலம் பாடம் எடுக்கப்போகிறவர்கள் அவர்கள்தான். நகம் வெட்டிக்கொண்டு வாருங்கள், பென்சில் ஒன்றும் கொண்டு வாருங்கள்.